நாலுகுழியில் நான் எழுதாமல் விட்ட வீடுகள்

நில அளவைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கருவியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் கையில் இருப்பது வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளைக் கேட்டு, நிற்கிற இடத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. எங்கள் காலத்தில் இருபது மீட்டர் இரும்புச் சங்கிலிதான். ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை முனுசாமி பிடிப்பார். முனுசாமி என் செயின்மேன், என்னைவிட இருபது வயதுக்கு மேல் பெரியவர். சங்கிலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள் என்று சொன்னால், "இதுக்கு மேல இழுத்தா பூமிதான் சார் கூட வரும்" என்பார்.

என் சாமர்த்தியங்களையெல்லாம் நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு மேடையில் சொல்லிவிட்டார்கள். அதில் பாதி எனக்கே புதிய செய்தி. அதனால் இங்கே ஒரு தப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சோம்பேறித்தனத்தால் செய்த தப்பு என்றால் சொல்லக்கூட மாட்டேன், அது எல்லோரும் செய்வதுதான். இதை நான் நல்ல மனசோடு செய்தேன். செய்துவிட்டு ரொம்பப் பெருமையாக வேறு இருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்றைக்கு வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ் அப்போது கிடையாது. ஜில்லாவின் தலைநகரம் வேலூர். திருவண்ணாமலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர், ஒரு ஓட்டுக் கட்டடம், மழை வந்தால் வரைபடங்களை மேசைக்கு மேசை மாற்றி வைக்கிற வேலை. அரசாங்கப் புறம்போக்கு நிலங்களை ஊர் ஊராகப் போய் அளந்து, எதில் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதி வரச் சொன்னார்கள். எனக்கு விழுந்த பங்கில், கீழ்பென்னாத்தூர் போகும் பக்கம் தார் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே ஒரு பாறைக்காடு இருந்தது. பழைய ஆவணத்தில் 'கல்லாங்குத்து, தரிசு' என்று இருந்தது. ஒரு நாள் வேலைதான் என்று நினைத்து, டிபன் டப்பாகூட எடுக்காமல் சைக்கிளை மிதித்தேன்.

போய்ப் பார்த்தால் அங்கே ஒரு ஊர். பத்தொன்பது வீடுகள், ஆடுகள், கோழிகள், சண்டை, சமையல், எல்லாம் இருந்தது.

அந்த ஊரின் பெயர் ரெண்டுகுழி. கல் எடுக்கத் தோண்டிய குழி இரண்டு இருந்ததால் அந்தப் பெயர். அதற்கு முன்னால் ஒத்தைக்குழி என்று இருந்ததாம். மூன்றாவது குழிக்கு அப்போதுதான் மேல்மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். அது இறங்கியதும் ஊர் மூணுகுழி ஆகிவிடும் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். இப்படிப் பெயர் மாறுகிற ஊரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அந்த ஊரில் யாருமே அந்த ஊர்க்காரர்கள் இல்லை. முதல் குழியைத் தோண்டியவர்கள் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாலு குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். உளியை வைத்துத் தட்டிப் பார்த்தே கல்லுக்குள் விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாவது குழி கோலார் தங்கவயல்காரர்களுடையது. சுரங்கத்தில் வேலை போய், நெஞ்சில் தூசியோடு மேலே வந்தவர்கள். வெடி வைப்பதில் கெட்டிக்காரர்கள். சுரங்கத்துப் பழக்கம் விடாமல் ஒரு தண்டவாளத் துண்டை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அடித்து 'ஷிப்ட்' அறிவிப்பார்கள். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவர்கள் சிலோன்காரர்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கப்பலேற்றி இங்கே அனுப்பியிருந்தார்கள். அவர்களில் பலர் அதுவரை சம்மட்டியைத் தொட்டதே கிடையாது. கொழுந்து கிள்ளிய பெண்கள் ஜல்லி உடைக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் கேழ்வரகுக் களி, அடுத்த வீட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், அதற்கடுத்த வீட்டில் கன்னடம் கலந்த தமிழில் ஒரு குழம்பு.

எந்த வருடம் வந்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டியது என் வேலை. அங்கே அந்தக் கேள்வி செல்லவில்லை. "மொதக் குழில தண்ணி ஊறுச்சே, அப்போ வந்தோம்" என்றார் ஒருவர். "எம் பொண்ணு ரெண்டாங் குழி ஆறாவது படில பொறந்தா" என்றார் இன்னொருவர். குழியின் ஆழம்தான் அவர்களுக்குக் காலண்டர். நான் நோட்டை மூடிவிட்டு அளக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுத்தது.

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு போட்டது மங்கம்மா. சித்தூர்க் குடும்பத்து மருமகள், அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கணவர் கல் உடைக்க, இவள் பேச்சிலேயே பாறையை உடைப்பாள். "டவுன் சாருக்கு களி எறங்குமா?" என்று கேட்டாள். வேர்க்கடலைத் துவையலோடு இரண்டு உருண்டை இறங்கியது. முனுசாமிக்கு மூன்று.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது வாசலில் பார்த்தால் ஊரே நிற்கிறது. பத்தொன்பது வீட்டிலிருந்தும் ஆட்கள். மங்கம்மாதான் பேசினாள்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"எங்க வீட்ட நீங்க எழுதாதீங்க."

எனக்குப் புரியவில்லை. எழுதுவதற்குத்தானே வந்திருக்கிறேன்.

"இதுக்கு முன்னாடி வேற ஒரு பாறைல இருந்தோம் சார். அங்கயும் இப்படித்தான் ஒருத்தரு வந்தாரு. நல்லவருதான். பேரு, வீடு, எல்லாம் எழுதிக்கினு போனாரு. மூணே மாசம், நோட்டீசு வந்துச்சு. ஆக்கிரமிப்புன்னாங்க. கூரையைப் பிரிச்சி தலைல தூக்கினு இங்க வந்தோம். எழுதாத வரைக்கும்தான் சார் நாங்க இருப்போம். எழுதிட்டா தொரத்துவாங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு 'பி மெமோ' என்று ஒரு தாக்கீது போகும், அதுதான் விரட்டுவதற்கு முதல் படி. எனக்கு வயது இருபத்து மூன்று. வயிறு நிறைய அவர்கள் வீட்டுக் களி. என் முன்னால் முப்பது நாற்பது பேர், கையெடுத்துக் கும்பிடாத குறை. கையில் பேனா. என்னை நானே ஒரு வள்ளலாக நினைத்துக்கொண்டேன். "கவலைப்படாதீங்க" என்று சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே அறிக்கையில் எழுதினேன்: 'நேரில் சென்று பார்வையிடப்பட்டது. கட்டடம் ஏதும் இல்லை. குடியிருப்பு இல்லை.' கீழே கையெழுத்து, தேதி.

திரும்பி வரும்போது முனுசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "இல்லாத வீட்ல மூணு நாளு நல்லா துன்னோம் சார்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன், கவனித்தும் விட்டுவிட்டேன்.

பதினோரு பன்னிரண்டு வருடம் ஓடியது. எனக்குக் கல்யாணமாகி, தொப்பை விழுந்து, ஒரு பதவி உயர்வும் வந்திருந்தது. கருங்கல்லைப் பளபளப்பாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ஊரெல்லாம் கண்டுபிடித்திருந்த காலம் அது. அதுவரை ஆட்டுக்குக்கூட ஆகாது என்று நினைத்த பாறைகளைச் சுற்றிக் கார்கள் வர ஆரம்பித்தன. அந்தப் பாறையையும் ஒரு கான்டிராக்டர் குத்தகைக்குக் கேட்டிருந்தார்.

ஊர் அதற்குள் நாலுகுழி ஆகியிருந்தது. நாற்பத்திரண்டு வீடுகள்.

அன்றைய நடைமுறைப்படி, பத்து வருடத்துக்கு மேல் குடியிருப்பவர்கள் என்றால் பட்டா கேட்க வழி உண்டு, குத்தகை கொடுக்கும்போது அவர்கள் இடத்தை ஒதுக்கி விடவும் வேண்டும். நேற்று முளைத்த குடிசைகள் என்றால் காலி செய்ய வேண்டியதுதான். கான்டிராக்டர் தரப்பு, நேற்று முளைத்தவை என்றது. ஊர்க்காரர்கள் இரண்டு தலைமுறை என்றார்கள். தாசில்தார் நேர்மையான மனிதர். ஆவணம் என்ன சொல்கிறது என்று பார்த்தார். ஆவணம் தெளிவாகச் சொன்னது: கட்டடம் ஏதும் இல்லை, குடியிருப்பு இல்லை.

ஊர்க்காரர்களிடம் இருந்த ஒரே காகிதம், சிலோனிலிருந்து சொந்தக்காரர்கள் பழைய நாளில் போட்ட கடிதங்கள். அதில் விலாசம் 'ரெண்டுகுழி'. இப்போது ஊர் பெயர் நாலுகுழி. "அது வேற ஊருங்க" என்றார் கான்டிராக்டரின் வக்கீல். தபாலெல்லாம் ரோட்டோர டீக்கடைக்குத்தான் வரும் என்பதால் தபால்காரரும் சாட்சி சொல்ல முடியவில்லை.

உடனே இடித்திருப்பார்கள். போலீஸ் கிடைக்கவில்லை. கார்த்திகை தீபத்துக்குக் கொடியேறியிருந்தது. ஜில்லாப் போலீஸ் மொத்தமும் மாடவீதியில் கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தது. தீபம் முடிந்த அடுத்த வாரம் என்று நாள் குறித்தார்கள். அதற்குள் எல்லையைக் காட்டிச் சுண்ணாம்பு போட்டு வர வேண்டும். அதற்கு அனுப்பப்பட்ட சர்வேயர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கினேன். மங்கம்மா பார்த்துவிட்டாள். தலையில் நாலு நரை, குரல் மட்டும் அப்படியே.

"ஏய், பழைய சாரு வந்துக்கிறாருடி! எங்க வூட்ல களி துன்ன சாரு!" என்று கத்தினாள். ஓடிவந்து என் கையைப் பிடிக்காத குறை. "நீங்க வந்துட்டீங்கல்ல, இனிமே பயமில்ல. நாங்க அப்பவே இங்க இருந்தோம்னு நீங்க சொன்னா போதாதா? உங்களுக்கு மேல சாட்சி யாரு சார்?"

சுண்ணாம்பு டப்பாவோடு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஒரு மனிதன் முன்னால் துணியில்லாமல் நிற்பது போன்ற வெட்கம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"மங்கம்மா, உங்களுக்கு எதிரா அவங்க வச்சிருக்கிற காயிதமே என்னுதுதான். அன்னிக்கு எழுதினேனே, வீடு இல்லன்னு. அதான்."

"நாங்கதான கேட்டோம்" என்றாள். பிறகு, "நாங்க பயந்து கேட்டோம். படிச்சவரு நீங்க எதுக்கு சார் ஒத்துக்கினீங்க?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஆபீஸுக்கு வந்து என்னுடன் வேலை பார்த்த மூத்தவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், என் மேல் பிரியம் உள்ளவர். "பைத்தியமா உனக்கு? பொய் ரிப்போர்ட் குடுத்தேன்னு நீயே போய் சொன்னா வேலையே போயிடும். ரெண்டு பொண்ணு வச்சிருக்க. மெடிக்கல் லீவு போடு. பத்து நாள் கழிச்சி வா, எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. லீவு லெட்டரை எழுதியே விட்டேன். வயிற்றுவலி என்று காரணம்கூடப் போட்டுவிட்டேன்.

கொடுக்கப் போகும்போதுதான் ஒன்று தோன்றியது. நான் லீவில் போனால் எனக்குப் பதில் வேறொருவர் போவார். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் கையெழுத்தைப் படிப்பார், நம்புவார், சுண்ணாம்பு போடுவார். எந்தத் தப்பும் செய்யாமல் என் தப்பை முடித்துவைப்பார். லெட்டரை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தாசில்தாருக்கு மேலதிகாரியான வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., அறைக்கு வெளியே நின்றபோது தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

ஊர்க்காரர்கள் கொடுத்திருந்த மனு மேல் விசாரணை ஆர்.டி.ஓ. முன்னால் நடந்தது. சிறிய உருவம், தடித்த கண்ணாடி, குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. அறையில் வக்கீல், தாசில்தார், ஊருக்காக மங்கம்மாவும் தங்கவயல்காரர் ஒருவரும். நான் எழுந்து சொன்னேன்.

"ஐயா, அந்த அறிக்கை பொய். எழுதினவன் நான்தான். அப்ப அங்க பத்தொம்பது வீடு இருந்தது."

வக்கீல்தான் முதலில் சுதாரித்தார். கெட்டிக்காரர்.

"அன்னைக்கு பொய் எழுதினேன்னு அவரே ஒத்துக்கிறார். அப்படிப்பட்டவர் இன்னைக்கு நெஜம் பேசுறார்னு எப்படிங்க எடுத்துக்கிறது? அன்னைக்கு எழுதினது நெஜமா இருந்து, இன்னைக்குப் பேசுறது பொய்யா இருக்கலாமே?"

ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்தார். "நியாயமான கேள்வி. பதில் இருக்கா?"

இல்லை. நான் அதை யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் போதும், கேட்டவுடன் எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்று நினைத்துப் போயிருக்கிறேன். பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் தன் வேலையை மட்டும் பணயம் வைப்பதில்லை தம்பிகளே. பின்னால் ஒரு நாள் அவன் உண்மை பேச வேண்டி வரும்போது, அந்த உண்மையின் மதிப்பையும் சேர்த்தே தொலைத்திருப்பான்.

"அளந்த நோட்டு இருக்குமில்ல? அறிக்கை இல்ல, களத்துல எழுதின நோட்டு" என்று ஆர்.டி.ஓ. கேட்டார். ரெக்கார்டு அறையில் தேடி எடுத்து வந்தார்கள். ஓரமெல்லாம் கரையான் தின்ற நோட்டு. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எனக்கு நம்பிக்கை இல்லை. அதிலும் வீடு என்று நான் எதையும் எழுதியிருக்கவில்லை.

ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. "இது என்னய்யா? கல்லுக்குக் கல்லு நேரா போற சங்கிலி, நடுவுல ஏன் மூணு எடத்துல ஒடியுது?"

எட்டிப் பார்த்தேன். எனக்கே மறந்துபோன விஷயம். சங்கிலி நேர்க்கோட்டில்தான் போக வேண்டும். நடுவில் சுவர் குறுக்கிட்டால் வலது பக்கம் ஒதுங்கி, சுவரைத் தாண்டி நடந்து, மறுபடி கோட்டுக்கு வந்து சேர வேண்டும். அதற்கான அளவுகளை அங்கங்கே குறித்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு இடிக்கும். அந்த மூன்று நாளும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன். கடைசி நாள் கருணை வந்து வீடுகளை எழுதாமல் விட்டேனே தவிர, அவற்றைச் சுற்றி நடந்ததை அழிக்கத் தோன்றவில்லை.

"மேடு பள்ளம் இருந்திருக்கும், சுத்திப் போயிருப்பார்" என்றார் வக்கீல்.

"அப்ப போய்ப் பாத்துடலாம்" என்று ஆர்.டி.ஓ. எழுந்துவிட்டார்.

அன்று பிற்பகலே போனோம். தூறல். முனுசாமியும் வந்திருந்தார், ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. பழைய எல்லைக் கல்லிலிருந்து சங்கிலியைப் பிடித்தோம். ஆர்.டி.ஓ. நோட்டைப் படிக்கப் படிக்க நாங்கள் நடந்தோம். ஊரே பின்னால் நடந்தது. தண்டவாளத்தை அடித்து ஷிப்டை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.

"அறுபத்தி நாலு. வலப்பக்கம் மூணு மீட்டர்."

அறுபத்து நாலாவது மீட்டரில் முனுசாமி நின்ற இடம் மங்கம்மா வீட்டுச் சுவர். மூன்று மீட்டர் ஒதுங்கினோம். நோட்டுப்படி ஏழு மீட்டர் நடந்து திரும்பினால், வீட்டின் பின்மூலை. கை வைக்க இடமில்லாமல் பொருந்தியது. தரை சமதளம், மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. ஊரில் ஒரு சத்தம் எழுந்தது. இரண்டாவது ஒடிவும் அப்படியே, தங்கவயல்காரர் ஒருவர் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போனது. முனுசாமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இந்த வயதில் அது தேவையா என்று இருந்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஒடிவில் சங்கிலி வெறும் இடத்தைச் சுற்றியது.

வீடு இல்லை. சுவர் இல்லை. மண்ணும் தும்பைச் செடியும்தான். வக்கீல் குடையை மடக்கி அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். "இங்க எதைச் சுத்தினாராம்? காத்தையா? முதல் ரெண்டும் தற்செயலாகூட பொருந்தியிருக்கலாமுங்க."

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை. ஆர்.டி.ஓ. நோட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இங்கதான் சார் எங்க மாமியா வூடு இருந்துச்சு. இந்தப் பாறைல மொத வூடே அதுதான். அவங்க போனப்புறம் பிரிச்சி, அந்தக் கல்ல வச்சித்தான் எம் பையனுக்கு வூடு கட்டினோம்."

"வாய்ல சொல்லலாம்மா" என்றார் வக்கீல்.

அவள் அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை தெரிந்தது. பாறையில் வட்டமாக ஒரு குழி. உரல்.

அந்த ஊர் வழக்கம் எனக்கு அன்றுதான் தெரியும். வீடு கட்டுவதற்கு முன்னால் தரைப் பாறையிலேயே உரலைக் கொத்திவிடுவார்கள். அதைச் சுற்றித்தான் சுவர் எழும்பும். உரல் இருந்தால் அங்கே ஒரு சமையலறை இருந்தது என்று அர்த்தம். நாற்பத்திரண்டு வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, பிறகு போய்ப் பார்த்தேன்.

"நேத்துகூட கொத்தியிருக்கலாம்" என்றார் வக்கீல். குரலில் பழைய வேகம் இல்லை.

ஆர்.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பேண்ட் முட்டி நனைய மண்டியிட்டு உரலுக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. உள்ளே தடவிப் பார்த்தார். வெகு நேரம் தடவினார் என்று எனக்குத் தோன்றியது. "கொத்தினது சொரசொரன்னு இருக்கும். இது உள்ளங்கை மாதிரி வழவழன்னு இருக்கு. தேஞ்சிருக்கு. வருஷக்கணக்கா மாவு இடிச்சிருக்காங்க" என்றார். எழுந்து கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "வெட்டவெளில யாரும் வருஷக்கணக்கா மாவு இடிக்கமாட்டாங்க வக்கீல் சார்."

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வீடும் தப்பின. வீடுகளும் வேலை செய்கிற குழிகளும் இருந்த பக்கத்தை ஒதுக்கிவிட்டு, பாறையின் மறுபக்கம் கான்டிராக்டருக்குப் போனது. அவரும் நஷ்டப்படவில்லை. எனக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது. வேலை போகவில்லை, ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். உத்தரவை என்னிடம் கொடுக்கும்போது ஆர்.டி.ஓ., "நீ இரக்கப்பட்டது தப்பில்ல. அதை எங்க எழுதணும்னுதான் உனக்குத் தெரியல. அவங்களுக்காக மேல மனு எழுதியிருக்கலாம், மேலதிகாரிகிட்ட சண்டை போட்டிருக்கலாம். நோட்டுல கண்டதைத்தான் எழுதணும்" என்றார். இதைவிடக் கடுமையாகத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பட்டாவுக்காக ஊரை மறுபடி அளந்து, வீடு வீடாக எழுதி வர என்னையே அனுப்பினார். அது தண்டனையா பரிசா என்று இன்னும் தெரியவில்லை. இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் பெயரைச் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்துக் காட்டினேன். தங்கவயல் பெரியவர் ஒருவர் தன் பெயரை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

கடைசியில் மங்கம்மா என்னை அந்த வெற்றிடத்துக்குக் கூட்டிப் போனாள். மண்ணைச் சுத்தமாக வாரி, உரலைச் சுற்றிச் சாணம் மெழுகி வைத்திருந்தாள்.

"சார், இங்க எங்க மாமியா வூட்டையும் போட்டுருங்க."

"இங்க வீடு இல்லியே மங்கம்மா."

"இருந்துச்சு இல்ல? அதுதான சார் எங்க எல்லாரையும் காப்பாத்துச்சு? மொத வூடு சார் அது. நாப்பத்திரண்டு வூடு போட்டீங்க, அதுல ஒரு வூடு ஜாஸ்தியா போட்டா யாருக்கு என்னா நஷ்டம்?"

ஒருத்தருக்கும் நஷ்டமில்லை, அது உண்மைதான். அவளுக்கு அந்த இடத்தால் ஒரு லாபமும் இல்லை. செத்துப்போனவள் பெயர் ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறாள், அவ்வளவுதான். அந்த ஊருக்கு நான் பட்டிருக்கும் கடனுக்கு ஒரு சதுரம் வரைந்து கொடுப்பது பெரிய விஷயமே இல்லை. பேனா கையில் இருக்கிறது. முனுசாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லாததை எழுத மாட்டேன் மங்கம்மா. உனக்காகக்கூட எழுத மாட்டேன்" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஒரலு இருக்கில்ல?"

"இருக்கு."

"அதப் போடுவீங்களா?"

நமது குறியீட்டுப் பட்டியலில் கிணற்றுக்குக் குறி உண்டு, கோயிலுக்கு உண்டு, சுடுகாட்டுக்குக்கூட உண்டு. உரலுக்குக் கிடையாது. உட்கார்ந்து சங்கிலி பிடித்து, இரண்டு பக்கத்திலிருந்தும் தூரம் அளந்து, அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டேன். பக்கத்தில் 'காலியிடம், தரைப் பாறையில் பழைய உரல்' என்று எழுதினேன். எங்கே என்று கேட்டாள். காட்டினேன். ஈரம் காயாத மையின் மேல் விரலை வைக்கப்போய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

உங்களில் யாராவது ஒருவர் அந்த ஊரை மறுபடி அளக்கப் போவீர்கள். குழிகள் எத்தனை ஆகியிருக்கின்றனவோ, பெயர் என்ன ஆகியிருக்கிறதோ தெரியாது. பழைய படத்தில் அந்த வட்டத்தைப் பார்த்தால், ஏதோ கிறுக்கல் என்று அழித்துவிடாதீர்கள். போய்ப் பாருங்கள். உரல் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால், யார் எவ்வளவு கேட்டாலும், எழுதாதீர்கள்.